முக்கியமில்லாத பேச்சு

முக்கியமில்லாததை மட்டும் பேசுங்கள் என்று சொன்ன சட்டம் ஒன்று இருந்தது. சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளில், ஹாம் ரேடியோக்காரர்கள் காற்றில் என்ன பேசலாம் என்று வகுத்த இடத்தில் அது வரும். சோதனை சம்பந்தமான தொழில்நுட்ப விஷயம் பேசலாம். சொந்த விஷயமும் பேசலாம். ஆனால் காசு கொடுத்துத் தந்தி அடிக்கவோ டிரங்கால் போடவோ தேவையில்லாத அளவுக்கு அது முக்கியமற்றதாக இருக்க வேண்டும். 2003ல் திருத்தும்வரை உலகம் முழுக்க இதுதான் விதி. 1978ல் வந்த இந்திய அமெச்சூர் சேவை விதிகளும் இதையே பின்பற்றின.

தந்தித் துறையின் வருமானத்தில் கை வைக்கக்கூடாது என்ற கவலைதான் இதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குமாஸ்தா வாக்கியம் ஒரு வினோதமான கூட்டத்தை வளர்த்துவிட்டது. கஷ்டப்பட்டு மோர்ஸ் படித்து, பரீட்சை எழுதி, மொட்டைமாடியில் கம்பி கட்டி, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, கடல் தாண்டி ஒருவரைப் பிடித்து, "இங்கே மழை பெய்யுது, அங்கே எப்படி?" என்று கேட்கிற கூட்டம். அவர் "இங்கே வெயில்" என்பார். இருவருக்கும் அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி வெளியில் ஒரு பேச்சு உண்டு: ரொம்ப மரியாதையானவர்கள், பழைய காலத்து மனிதர்கள், எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார்கள் என்று. உண்மைதான். ஆனால் அந்த மரியாதை நல்ல மனசிலிருந்து வந்தது என்று நான் நம்பவில்லை. அது கருவியிலிருந்து வந்தது. எந்தக் காலத்தில் எந்தக் கருவி கையில் இருந்ததோ அதற்கேற்ற மரியாதை பிறந்தது. கருவி மாறியபோது மரியாதையும் மாறியது. ஹாம் ரேடியோவின் வரலாற்றை அப்படிப் படித்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது.

அடிப்படை ஒன்றுதான். போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், வெட்டிப் பேசலாம், சண்டை போடலாம். ரேடியோவில் முடியாது. பொத்தானை அழுத்தினால் உன் வாய் திறக்கும், காது மூடிக்கொள்ளும். விட்டால்தான் காது. ஆகவே "ஓவர்" என்று சொல்லிவிட வேண்டியிருக்கிறது. என் முறை முடிந்தது, இனி உங்கள் முறை என்று அர்த்தம். (சினிமாவில் "ஓவர் அண்ட் அவுட்" என்பார்கள். ஓவர் என்றால் நீ பேசு; அவுட் என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது, சாப்பிட வாங்க என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துகிற மாதிரி.)

காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் ஒன்றையொன்று கவ்வி நிற்க வேண்டும். மூன்று நாடா வேண்டும். ஒரு கரையின் நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் போடுவார். பல வீடுகளில் அது அந்த வீட்டுப் பிள்ளைதான். நெசவாளர் தன் நாடாவை விட்ட பிறகுதான் இவர் விட வேண்டும். ஒருத்தர் முந்திக்கொண்டால் இழை சிக்கும். அங்கே யாரும் யாருக்கும் மரியாதை சொல்லிக்கொடுப்பதில்லை. தறி சொல்லிக்கொடுத்துவிடும்.

*

முதல் கருவி தீப்பொறி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரான்ஸ்மிட்டர் என்றால் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே மின்பொறி பறக்கவைக்கும் பெட்டி. அதற்கு அலைவரிசை என்று ஒரு கூர்மையான இடம் கிடையாது. ஒருவர் தட்டினால் அக்கம்பக்கத்தில் எல்லார் காதிலும் இடி மாதிரி விழும்.

1912 ஏப்ரல் 14 இரவு. 'கலிஃபோர்னியன்' என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அதன் வயர்லெஸ் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ் பக்கத்தில் போய்க்கொண்டிருந்த டைட்டானிக்கைக் கூப்பிட்டுத் தகவல் சொல்ல முயன்றார். நண்பரைக் கூப்பிடுவது போல, "ஓல்ட் மேன்" என்று தொடங்கினார். டைட்டானிக்கின் ஆபரேட்டர் ஜாக் ஃபிலிப்ஸ் அப்போது பயணிகள் காசு கொடுத்திருந்த தந்திகளைத் தூரத்துக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மெல்லிய சத்தத்தைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த காதில், பக்கத்துக் கப்பலின் தீப்பொறி வந்து அறைந்தது. வாயை மூடு, வேலையாக இருக்கிறேன் என்று பதில் போனது. எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, பதினொன்றரை மணி வாக்கில் கருவியை அணைத்துப் படுக்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் மோதியது. ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

ஃபிலிப்ஸை வில்லன் ஆக்கிவிடலாம். பலர் ஆக்கியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசிவரை உட்கார்ந்து உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே செத்த மனிதர் அவர். ஆனால் கவனித்தீர்களா, அன்றைக்கு எது முக்கியம் எது முக்கியமில்லை என்பதைக் காசுதான் முடிவு செய்தது. பணம் கட்டிய நலம் விசாரிப்புகள் முக்கியமான செய்தி. பனிக்கட்டி பற்றிய எச்சரிக்கை, இடையில் புகுந்த வெட்டிப்பேச்சு.

அந்த வருஷமே அமெரிக்காவில் ரேடியோ சட்டம் வந்தது. ஆர்வக்கோளாறில் வீட்டில் டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டிருந்த அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளினார்கள். அந்தச் சிற்றலையால் உபயோகமில்லை, இத்தோடு இவர்கள் தொலைந்தார்கள் என்று நினைப்பு. 1923 நவம்பரில் அந்தச் சிற்றலையிலேயே பிரான்ஸில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவரும் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். புறம்போக்கு என்று ஒதுக்கிய நிலத்தில் ஊற்று இருந்த கதை.

இதற்கிடையில் அமெச்சூர்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்க அமெச்சூர் சங்கத்தை 1914ல் தொடங்கிய ஹைரம் பெர்சி மாக்ஸிம், 'கிழவன்' என்ற புனைபெயரில் சங்கப் பத்திரிகையில் எழுதுவார். அடுத்தவன் பேச்சில் புகுந்து குழப்புகிறவர்களைக் கிழி கிழி என்று கிழிப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு 'ஊஃப் ஹாங்' என்ற சித்திரவதைக் கருவியால் தண்டனை என்று எழுதினார். அது எப்படியிருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. 1919ல் அதே 'கிழவன்' ஒரு கோணல்மாணல் மரத்துண்டைச் சங்கத்துக்கு அனுப்பி, இதுதான் அது என்றார். இன்றைக்கும் அந்தத் தலைமையகத்தில் அது தொங்குகிறது. போலீஸ் இல்லாத இடத்தில் கேலியை வைத்துத்தான் ஒழுங்கைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

'ஓல்ட் மேன்' என்ற விளியும் போகவில்லை. இன்றைக்கும் ஹாம்கள் ஒருவரையொருவர் 'ஓஎம்' என்கிறார்கள். நம் பக்கத்தில் அதோடு ஒரு சாரையும் சேர்த்துக்கொள்வோம். பதினாறு வயதுப் பையனுக்கும் "குட் மார்னிங் ஓஎம் சார்" கிடைக்கும்.

*

இந்தியாவில் 1921ல் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் ஆகியோரிலிருந்து ஹாம் கதை தொடங்குகிறது. சென்னையில் 1924ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கினார். அந்த வருஷம் ஜூலை 31 அன்று எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து ஒலிபரப்பு ஆரம்பமானது. நாட்டில் அரசு வானொலி என்ற ஒன்றே இல்லாத காலம் அது. மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்து கிளப் மூடப்பட்டது. கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. 1930 ஏப்ரலில் மாநகராட்சி வானொலி தொடங்கியது. 1938ல் அது அகில இந்திய வானொலியாகியது. தமிழ்நாட்டு வானொலிக்கு ஒரு பொழுதுபோக்குச் சங்கம்தான் தாய்வீடு.

ஆனால் அங்கேயே பாதை பிரிந்தும்விட்டது. ஒலிபரப்பில் ஒருவர் பேச ஊரே கேட்கும்; திருப்பிப் பேச முடியாது. ஹாம் ரேடியோ அந்தப் 'திருப்பிப் பேசுவது'க்காகவே இருப்பது. அரசாங்கங்கள் முதலாவதை விரும்பின, இரண்டாவதைக் கண்டு பயந்தன. 1933ஆம் வருஷத்து இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். பயன்படுத்த வேண்டும் என்றுகூட இல்லை. வெறும் கேட்கிற ரேடியோவுக்கே எண்பதுகள்வரை தபாலாபீசில் லைசென்ஸ் கட்டியதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள்.

1939ல் யுத்தம் வந்ததும் ஹாம்கள் எல்லாரும் டிரான்ஸ்மிட்டரைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் ஒப்படைத்தார்களா? 1942ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியதும் பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் ரகசியக் காங்கிரஸ் வானொலியை நடத்தினார்கள். அதற்குக் கை கொடுத்தவர்கள் நாரிமன் பிரிண்டர், பாப் தன்னா போன்ற ஹாம்கள். இடம் மாற்றி இடம் மாற்றி, நவம்பரில் பிடிபடும்வரை ஓடியது. உஷா மேத்தாவுக்கு நாலு வருஷம் சிறை. சர்க்காருக்கு ஏன் இவர்கள்மேல் எப்போதும் ஒரு கண் என்று கேட்டால், காரணம் இல்லாமல் இல்லை.

அந்தக் காலத்துக் கருவியின் சங்கதிக்கு வருகிறேன். அப்போது டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் தனித்தனிப் பெட்டிகள். டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையைத் தீர்மானிப்பது ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். கிரிஸ்டலுக்குக் காசு அதிகம். பலரிடம் ஒன்றோ இரண்டோதான். உன் கிரிஸ்டல் எங்கேயோ அங்கேதான் நீ கத்த முடியும். பதில் சொல்கிறவருக்கும் அதே கதை. அவர் கிரிஸ்டல் வேறெங்கோ இருக்கும். ஆகவே "யாராவது இருக்கீங்களா" என்று கூப்பிட்டுவிட்டு, ரிசீவரின் திருகியைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் துழாவ வேண்டும். எங்கோ ஒரு மூலையில் உன் பெயரை ஒருவர் முனகிக்கொண்டிருப்பார். இந்தத் துழாவல்தான் அந்தத் தலைமுறையின் மரியாதை. ஒரு நிமிஷம் பேசப் பத்து நிமிஷம் தேட வேண்டும்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட செட்டுகள் எடைக்கு வந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் தலைமுறை ஹாம்கள் அவற்றைப் பிரித்துத்தான் வளர்ந்தார்கள். இறக்குமதி வரியும் லைசென்சும் சேர்ந்து, ஜப்பான் செட்டைச் சாமானியன் தொடமுடியாத உயரத்தில் வைத்திருந்தன. மூர்மார்க்கெட்டிலும் பிறகு ரிச்சி தெருவிலும் பொறுக்கிய வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும்தான் கதி. கருவியைத் 'தேர்ந்தெடுப்பது' என்ற பேச்சே இல்லை. கிடைத்ததை வைத்துக் கட்டு. இதில் எனக்குப் பழைய காலத்து ஏக்கம் எதுவும் கிடையாது. நானூறு வோல்ட்டில் கை வைத்து ஷாக் அடித்துக்கொண்ட தலைமுறை அது. ஆனால் ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டியவன் அந்த ஒரு வருஷமும் பேசமுடியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாததால் வந்த பயிற்சி.

*

1957ல் அமெரிக்கக் காலின்ஸ் கம்பெனி கேடபிள்யூஎம்-1 என்ற செட்டை விற்கத் தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே பெட்டியில். கேட்கும் இடத்திலேயே பேச்சும். கூடவே எஸ்எஸ்பி என்ற ஒற்றைப்பக்க அலைமுறையும் பரவியது. பழைய முறையில் ஒருவர் மைக்கைத் திறந்து சும்மா இருந்தாலும் காற்றில் ஒரு கனமான மௌனம் இருக்கும். இன்னொருவர் மேலே ஏறினால் விசில் அடித்துக் காட்டிக்கொடுக்கும். புதிய முறையில் பேசும்போது மட்டும்தான் அலை. மூச்சு விட நிறுத்தினால் அங்கே ஒன்றுமே இல்லை. பாதிப் பேச்சு மட்டும் உனக்குக் கேட்கிற தூரத்தில் இருந்தால், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடம் உனக்குக் காலி மனை மாதிரி தெரியும்.

இங்கேதான் இன்றைக்கும் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பழக்கம் பிறந்தது. மைக்கை எடுத்தவுடன் கூப்பிடாதே. கொஞ்சம் கேள். பிறகு, "இந்த இடத்துல யாராவது இருக்கீங்களா?" என்று கேள். பதில் இல்லையா, இன்னொரு தடவை கேள். அப்புறம் உன் அழைப்புக்குறியைச் சொல். காலியாகத் தெரிவதெல்லாம் காலி இல்லை என்ற அறிவு.

நம் பக்கத்தில் ஒரு காலை நேரத்துப் பேச்சு இப்படிப் போகும். "குட் மார்னிங் ஓஎம், உங்க சிக்னல் இங்கே நல்லா வருது, ஃபைவ் நைன். இங்கே நூறு வாட், வீட்டு மாடில டைபோல். காபி ஆச்சா? ஓவர்." முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு மதிப்பெண், இரண்டாவது, அலையின் பலத்துக்கு ஒன்பதுக்கு. இதில் ஒரு செல்லப் பொய்யும் உண்டு. போட்டி நாட்களில் எல்லாருக்கும் எல்லாரும் ஃபைவ் நைன் போட்டுவிடுவார்கள். "உங்களுக்கு ஃபைவ் நைன் சார்… உங்க பேரை மட்டும் இன்னும் நாலு தடவை சொல்லுங்க, காதுல விழல." கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்வோமே, அந்த ரகம்.

பேச்சு முடிந்ததும் ஒரு அட்டை அனுப்ப வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அலையில் பேசினோம் என்பதற்குச் சாட்சி. பனிப்போர் உச்சத்தில், எந்த வெளிநாட்டுக்காரனும் வீட்டு விலாசம் கேட்க முடியாத சோவியத் ரஷ்யாவின் ஹாம்களுக்கு 'மாஸ்கோ, தபால் பெட்டி 88' என்று எழுதிப் போட்டால் போதும். பத்து நிமிஷம் வானிலை பேசியதற்கு மாஸ்கோவிலிருந்து ஆறு மாசம் கழித்து ஒரு வண்ண அட்டை வரும்.

எண்பதுகளில் வரி தளர்ந்து வெளிநாட்டு செட்டுகள் மெதுவாக வரத் தொடங்கின. ஆனால் என் மனசுக்குப் பிடித்த கருவி அதற்குப் பிறகு வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற சின்ன எஸ்எஸ்பி செட்டை வடிவமைத்து, வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். நம் ஊர்க் கடையில் கிடைக்காத பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட நிபந்தனை. சுருள் சுற்ற விசேஷமான வளையம் வேண்டுமா? குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் வாஷரை ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள் என்றார். ஐந்தாறு வாட்தான். ஆனால் அந்த வரைபடத்தை வைத்து உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் கட்டிப் பேசினார்கள். நாங்கள் வாங்கிக்கொண்டே இருந்த ஒரு விஷயத்தில் இந்தியா திருப்பிக் கொடுத்தது இது.

இன்றைக்கு ஒருவர் என்ன செட் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால், செட்டை விடு, முதலில் கம்பியைப் பார் என்பேன். காசில் பெரும்பங்கு பெட்டிக்குப் போகிறது; வேலையில் பெரும்பங்கு ஆண்டெனா செய்கிறது. நாற்பது மீட்டர் அலைக்கு அரை அலை நீளம் கம்பி வேண்டும், அதாவது சுமார் இருபது மீட்டர். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த நீளம் புதிதில்லை. மூன்று புடவைக்குப் பாவு போட்டால் பதினாறு பதினேழு மீட்டர் வரும். விடிகாலையில் தெருவில் அதை இழுத்துக் கட்டி நிறுத்துகிற மாதிரிதான் இதுவும்: இரண்டு முனையிலும் கட்டு, தொய்யாமல் நிறுத்து, உயரமாக வை. செப்புக் கம்பிக்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஹோட்டலில் நாலு பேர் சாப்பிடுவதைவிடக் குறைவு.

*

ஆனால் யாரும் இப்போது கம்பியில் தொடங்குவதில்லை. கையடக்க செட்டில் தொடங்குகிறார்கள். 2012ல் சீனாவின் பாவ்ஃபெங் யுவி-5ஆர் சந்தைக்கு வந்தபோது ஹாம் உலகமே தலைகீழானது. சட்டைப்பைக்குள் போகும் செட், இரண்டு மூவாயிரம் ரூபாய். ஒரு காலத்தில் ஒரு மாச சம்பளம் கொடுத்து வாங்கியதை இப்போது ஒரு செருப்பு விலைக்கு வாங்கலாம்.

இதன் அலை நேர்கோட்டில் போகும். தரையில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் வீடுகள் இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். உயரம்தான் எல்லாம். கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைகளில் ஹாம்கள் ரிப்பீட்டர் வைப்பது அதனால்தான். கீழிருந்து வரும் மெல்லிய குரலை வாங்கி, மேலிருந்து பலமாகத் திருப்பி விடும். காஞ்சிபுரத்தில் மலை இல்லை, ஏரியும் வயலும்தான். இருக்கிற உயரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம், சுமார் 58 மீட்டர். கணக்குப் போட்டால் அதன் உச்சியிலிருந்து தரையில் நிற்பவருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்வரை எட்ட வேண்டும். (கணக்கு மட்டும்தான். ஏறி ஆண்டெனா கட்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.)

ரிப்பீட்டருக்கும் தனி மரியாதை ஒன்று உண்டு. இந்த எஃப்எம் முறையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் பலமானவர் குரல் மட்டும் வெளியே வரும்; பலவீனமானவர் இருந்த சுவடே தெரியாது. கத்துகிறவன் ஜெயிப்பான், அதுவும் தான் ஜெயித்தது தெரியாமலேயே. ஆகவே ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே அழுத்தக்கூடாது. இரண்டு விநாடி விட வேண்டும். அந்த இடைவெளியில் எங்கோ பஸ் கவிழ்ந்த இடத்தில் நிற்கும் ஒருவன், பேட்டரி தீரப்போகும் செட்டிலிருந்து தன் அழைப்புக்குறியை நுழைத்துவிடலாம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பொத்தானை அழுத்தினவுடன் பேச ஆரம்பித்து முதல் வார்த்தையைத் தின்றுவிடுவது, அழைப்புக்குறி சொல்லாமல் "டெஸ்டிங், டெஸ்டிங்" என்பது, முன்னவர் வாயை மூடும் முன் ஏறுவது. பையில் வைத்த செட்டின் பொத்தான் அழுந்தி, ஊருக்கே தன் குடும்பச் சண்டையை ஒலிபரப்புகிறவர்களும் உண்டு.

கோபுரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் என்றேன். நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர்.

1991 மே 21 இரவு அங்கே கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி ஒரு ஹாம். வியு2ஆர்ஜி அவருடைய அழைப்புக்குறி. சோனியா காந்திக்கும் உண்டு, வியு2சன். விமானியாக இருந்தவருக்கு ரேடியோமேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. அவரைக் கொன்ற திட்டத்திலும் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. சிவராசன் குழு தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துடன் வயர்லெஸ்ஸில் சங்கேதமாகப் பேசிவந்தது; வழிமறித்துக் கேட்ட அந்தச் செய்திகள் உடைக்கப்பட்டு, உச்ச நீதிமன்றத்தின் 1999 தீர்ப்புவரை வந்தன. அதே சிற்றலை, அதே மாதிரிப் பெட்டிதான். ஹாம் விதியில் ஒரு வரி வேறுபடுத்துகிறது: சங்கேதம் கூடாது, யாருக்கும் புரிகிற வெளிப்படையான பேச்சு மட்டும். கேட்கிற எவரும் கேட்கலாம் என்று தெரிந்தே பேச வேண்டும். வானிலையும் காபியும் பேசுகிறார்களே என்று சிரிக்கிறோம். அந்தச் சாதாரணப் பேச்சுதான், குடிமகன் கையில் டிரான்ஸ்மிட்டரை விட்டுவைக்க அரசுக்கு நூறு வருஷமாகக் கிடைத்துவரும் தைரியம்.

அதனால்தான் கையடக்க செட் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஹாமுக்கு இந்தியாவில் 144லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ்வரையும் 434லிருந்து 438வரையும் இடம் உண்டு. அந்தச் சீன செட் அதற்கு வெளியிலும் வெகுதூரம் பேசும்; போலீஸ், தீயணைப்பு மாதிரிச் சேவைகள் இருக்கும் பக்கங்களிலும். வைகாசி கருட சேவைக்குத் தன்னார்வலர்களாக நிற்கும் பையன்கள் ஆன்லைனில் நாலு செட் வாங்கி, ஏதோ ஒரு எண்ணைப் போட்டு "மச்சான், சாமி எங்கடா வருது?" என்று பேசினால், அவர்கள் யார் தலைமேல் நின்று பேசுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உரிமம் வேண்டாத செட்டுகள் இல்லாமல் இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள சிட்டிசன் பேண்ட் 5 வாட்வரை 2005லிருந்து விலக்குப் பெற்றது, 446.0லிருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ்வரை உள்ள குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகளுக்கு 2018ல் விலக்கு வந்தது. திருவிழாவுக்கு அது போதும். ஆனால் கடை அடுக்கில் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு டப்பாக்கள். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அலைவரிசையையும் உரிமம் வேண்டுமா என்பதையும் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்கக்கூடாது என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஆகவே இப்போதைக்கு வாங்கும் வரிசை இது: முதலில் பரீட்சை, பிறகு உரிமம், பிறகு செட்.

*

2004 டிசம்பரில் ஐதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத், வியு2ஆர்பிஐ, அந்தமானுக்குப் போயிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ஒலித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. உலகத்தில் எல்லா ஹாமுக்கும் அந்தத் தீவின் ஒரு அட்டை வேண்டும். போர்ட் பிளேர் ஹோட்டல் அறையிலிருந்து அவர் மைக்கைத் திறந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மேலே விழுவார்கள். இதை ஹாம்கள் 'பைல்-அப்' என்பார்கள். தர்மதரிசனக் கூட்டம் மாதிரி. அதைச் சமாளிக்க ஒரு முறை உண்டு. தீவுக்காரர் ஓரிடத்தில் பேசுவார், கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி வேறிடத்தில் கூப்பிட வேண்டும். அவர் ஒருவரின் பாதிப் பெயரைச் சொன்னால், அந்த எழுத்து உன் பெயரில் இல்லையென்றால் வாயைத் திறக்கவே கூடாது. உனக்குக் கிடைக்காமல் போனாலும் கூடாது.

டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது. தொலைபேசிகள் செத்தன. பாரதி தன் செட்டை நிவாரண வேலைக்குத் திருப்பினார். குழுவினர் கார் நிக்கோபாருக்கும் போனார்கள். அடுத்த நாட்களில் தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்திகள் அந்த அலையில் நிலப்பரப்புக்கு வந்தன. முந்தின நாள்வரை ஒரு அட்டைக்காக முண்டியடித்தவர்கள் இப்போது அந்த இடத்தை அவருக்காகக் காலியாக விட்டார்கள். இலங்கையின் தென்கரையிலும் விக்டர் குணதிலக முதலான ஹாம்கள் அதே நாட்களில் அதே வேலையைச் செய்தார்கள். எங்கள் மாநிலத்துக் கரையிலும் ஆயிரக்கணக்கில் இறந்துகிடந்த நேரம் அது.

அப்போது யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். முதலில் கேள், உன் முறை வரும்வரை இரு, சுருக்கமாகச் சொல், சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்து. பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு, காணாமல் போனவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வது கஷ்டமாக இல்லை. மழையும் வெயிலும் பேசிப் பேசி வந்த பழக்கம்.

பன்னிரண்டு வயது முடிந்த யாரும் பரீட்சை எழுதலாம். மத்திய அரசின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் வேண்டாம், மின்னியலும் விதிகளும் போதும். மேல்நிலைக்கு நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை மோர்ஸ். உரிமம் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டெ பல்கலைக்கழகம் தன் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. போன் இருந்தால் போதும், திருகியைத் திருப்பி இரவு முழுக்கக் கேட்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்குமேல் போகும் பத்து நிமிஷத்தில், அங்கே யாராவது பேசினால், 145.800ல் ஒரு சின்ன ரிசீவருக்கே கேட்கும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து நம் மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான். இந்த மாதிரி சந்திப்புகளில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. அங்கே எப்படித் தூங்குவீங்க, என்ன சாப்பிடுவீங்க, மேலேருந்து பார்த்தா எங்க ஊர் தெரியுதா. கேட்டு முடித்ததும் "ஓவர்" என்று சொல்லிவிட்டு மைக்கை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும்.